கெர்ரியின் இன்டர்மீடியட் சாம்பியன்ஷிப்: சிறந்த வீரர்கள் ஏன் இரண்டாம் அடுக்கில் ஆடுகிறார்கள்?

கேள்வி இது: "அயர்லாந்தின் கேலிக் கால்பந்தில் இன்றைய தலைசிறந்த வீரர் என்று பலரும் சொல்லும் டேவிட் கிளிஃபர்ட், தன் கிளப்புக்காக மூன்றாம் அடுக்கிலும் இரண்டாம் அடுக்கிலும் ஆடியிருக்கிறார் என்று படித்தேன். கெர்ரி கவுண்டியின் இன்டர்மீடியட் சாம்பியன்ஷிப் என்பது என்ன? தரம் குறைந்தவர்களுக்கான போட்டியா? அப்படியானால் அவர் ஏன் ஒரு பெரிய கிளப்புக்குப் போகவில்லை?"

கடைசிக் கேள்விக்கான பதில் சின்னது. அவர் பிறந்து வளர்ந்த ஊர் ஃபோஸா, அதனால் ஃபோஸாவுக்கு ஆடுகிறார். ஆனால் அந்தச் சின்னப் பதில் புரிய வேண்டுமென்றால் மற்றதையெல்லாம் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். கெர்ரியின் இரண்டாம் அடுக்கு, நாம் ஐரோப்பியக் கால்பந்தில் பார்த்துப் பழகிய இரண்டாம் டிவிஷன் போன்றதல்ல.

முதலில் அடிப்படை. அயர்லாந்தின் சொந்த விளையாட்டுகளை நடத்தும் கேலிக் விளையாட்டுச் சங்கம் 1884 நவம்பரில் தர்ல்ஸ் என்ற ஊரில் தொடங்கப்பட்டது. தீவின் 32 கவுண்டிகளுக்கும் தனித்தனி அணிகள் உண்டு. கவுண்டி அணிகள் மோதும் அகில அயர்லாந்து சாம்பியன்ஷிப்தான் உலகுக்குத் தெரிந்த முகம். டப்ளினில் உள்ள குரோக் பார்க் மைதானத்தில் 82,000 பேருக்கு மேல் பார்க்கும் அந்த இறுதி ஆட்டத்தில் ஆடுபவர்களுக்குக்கூடச் சம்பளம் கிடையாது. ஆசிரியர், விவசாயி, பொறியாளர், காவலர் என்று எல்லோருக்கும் வேறு வேலை இருக்கிறது. கிளிஃபர்டும் கில்லார்னியில் ஒரு பள்ளியில் ஆசிரியர்தான்.

கவுண்டி அணிக்கு ஆள் வருவது கிளப்புகளிலிருந்து. கிளப் என்பது பெரும்பாலும் ஒரு கத்தோலிக்கப் பங்கின் எல்லைக்குள் வரும் ஊர், அல்லது பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ஆறு வயதில் அங்கே பந்தைத் தொட்ட பையன், முழங்கால் ஒத்துழைக்கும் வரை அங்கேயே ஆடுவான். பிறகு பயிற்சி கொடுப்பான், புல் வெட்டுவான், நுழைவாயிலில் டிக்கெட் கிழிப்பான். வீரர் விற்பனை, மாற்றுத் தொகை எதுவும் இந்த உலகில் இல்லை. வேறு கிளப்புக்கு மாறுவது முற்றிலும் முடியாத காரியமல்ல. வீடு மாறினால், வேலை மாறினால் அனுமதி கேட்கலாம். ஆனால் "ஜெயிக்கிற கிளப்" என்ற காரணத்துக்காக ஒருவர் மாறினால் ஊர் அதை எளிதில் மறக்காது.

ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்கு இரண்டு வரி. அணிக்கு 15 பேர். பந்தைக் கையிலும் எடுக்கலாம், காலிலும் உதைக்கலாம். குறுக்குக் கம்பிக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு மூன்று புள்ளிகள். மேலே, இரு தூண்களுக்கு நடுவில் போனால் ஒரு புள்ளி. 2025இலிருந்து 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து அடித்து மேலே அனுப்பினால் இரண்டு புள்ளி. ஸ்கோரை 1-11 என்று எழுதினால் ஒரு கோல், 11 புள்ளி, மொத்தம் 14 என்று பொருள். கவுண்டி சீனியர் ஆட்டம் 70 நிமிடம், கிளப் ஆட்டம் 60 நிமிடம்.

சரி, இப்போது கெர்ரி. தென்மேற்கு மூலையில், அட்லாண்டிக்கை ஒட்டி, 2022 கணக்கெடுப்பின்படி சுமார் 1,56,000 பேர் வாழும் கவுண்டி. கேலிக் கால்பந்தில் 39 அகில அயர்லாந்துப் பட்டங்கள், கடைசியாக 2025 ஜூலையில் டொனகாலை வென்றது. வேறு எந்தக் கவுண்டியும் இந்த எண்ணிக்கையை எட்டவில்லை. இப்படிப்பட்ட கவுண்டியில் கிளப் போட்டிகளை எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதுதான் உங்கள் கேள்வியின் மையம்.

ஒவ்வொரு கவுண்டியிலும் கிளப்புகளைத் தரம் பார்த்து சீனியர், இன்டர்மீடியட், ஜூனியர் என்று அடுக்குகளாகப் பிரிப்பார்கள். இது வயதுக் கணக்கு இல்லை. ஜூனியர் சாம்பியன்ஷிப்பில் 35 வயதுக்காரர்களும் ஆடுவார்கள். கெர்ரியில் முதல் அடுக்கில் எட்டே எட்டு கிளப்புகள்தான். அடுத்ததாக இன்டர்மீடியட்டில் 16 கிளப்புகள். அதற்கும் கீழே பிரீமியர் ஜூனியர், அப்புறம் ஜூனியர். இன்டர்மீடியட் வென்ற கிளப் சீனியருக்கு ஏறும், சீனியர் எட்டில் கடைசியாக நிற்கும் கிளப் கீழே வரும். அதாவது 16 கிளப்புகள் ஓர் ஆண்டு முழுக்க ஒரே ஒரு இடத்துக்காக மோதுகின்றன.

எட்டு என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கெர்ரி இன்டர்மீடியட்டின் தன்மையை முடிவு செய்வது அந்த எண்தான். பல கவுண்டிகளில் சீனியர் என்றால் 12 அல்லது 16 கிளப்புகள் இருக்கும். எடுத்துக்காட்டாக டைரோனில் 16. கெர்ரியில் ஒன்பதாவது சிறந்த கிளப்பே இரண்டாம் அடுக்கில்தான் நிற்கிறது. அந்த ஒன்பதாவது கிளப், வேறு பல கவுண்டிகளில் சீனியர் பட்டத்துக்கே போட்டியிடும் தரத்தில் இருக்கக்கூடும்.

அப்படியானால் இரண்டாம், மூன்றாம் அடுக்கு கிளப்பில் பிறந்த நல்ல வீரருக்குப் பெரிய மேடை எது? இங்கேதான் கெர்ரியின் தனித்தன்மை வருகிறது: வட்டார அணிகள். கவுண்டியின் சீனியர் சாம்பியன்ஷிப்பில் எட்டு சீனியர் கிளப்புகள் மட்டும் ஆடுவதில்லை. கிழக்கு கெர்ரி, தெற்கு கெர்ரி, மேற்கு கெர்ரி, மத்திய கெர்ரி, ஷானன் ரேஞ்சர்ஸ், ஃபீல் ரேஞ்சர்ஸ், செயின்ட் கீரன்ஸ், செயின்ட் பிரெண்டன்ஸ் என்று வட்டார அணிகளும் ஆடுகின்றன. ஒரு வட்டாரத்தில் உள்ள இன்டர்மீடியட், ஜூனியர் கிளப்புகளின் சிறந்த வீரர்களைத் திரட்டி அமைக்கும் அணிகள் இவை. ஃபோஸா, ரத்மோர், கில்கமின், ஸ்பா, கிளென்ஃபிளெஸ்க் போன்ற ஊர்கள் கிழக்கு கெர்ரிக்குள் வருகின்றன. ஊருக்கு ஆடும்போது இரண்டாம் அடுக்கில் இருப்பவர், வட்டாரத்துக்கு ஆடும்போது கவுண்டியின் உச்சிக் கோப்பையான பிஷப் மொய்னிஹன் கோப்பைக்காக மோதுகிறார்.

இந்த ஏற்பாடு வெறும் ஆறுதல் பரிசு என்று நினைத்துவிடக் கூடாது. கிழக்கு கெர்ரி 2019, 2020, 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் கவுண்டி சாம்பியன். 1971இல் முதல் அகில அயர்லாந்து கிளப் சாம்பியன்ஷிப்பை வென்றதே கிழக்கு கெர்ரிதான். பல கிளப்புகளைச் சேர்த்துக் கட்டிய அணியைக் கிளப் என்று எப்படிச் சொல்வது என்ற கேள்வி எழுந்து, பிறகு வட்டார அணிகள் மாகாண, அகில அயர்லாந்துப் போட்டிகளுக்குப் போக முடியாது என்று விதி வந்தது. அதன் விளைவாக இன்றும் ஒரு விசித்திரமான நிலை உண்டு. வட்டார அணி கெர்ரி சாம்பியனானால், மன்ஸ்டர் மாகாணப் போட்டிக்குக் கெர்ரி சார்பில் போவது, எட்டு சீனியர் கிளப்புகளுக்கு இடையிலான தனிப் போட்டியில் வென்ற கிளப். 2022இல் கவுண்டி சாம்பியன் கிழக்கு கெர்ரி. மன்ஸ்டருக்குப் போனது டிராலி நகரத்தின் கெரின்ஸ் ஓராஹிலிஸ். போனது மட்டுமில்லை, மன்ஸ்டர் பட்டத்தையும் வென்றது.

இன்னொரு சுவையான விஷயம் கேப்டன் பதவி. கவுண்டி சாம்பியனான அணியே கெர்ரியின் கேப்டனை முன்மொழியும் என்பது நெடுநாள் வழக்கம். 2021இல் ஆஸ்டின் ஸ்டாக்ஸ் வென்றதால் 2022இல் அந்தக் கிளப்பின் ஜோ ஓகானர் கேப்டன். 2022இல் கிழக்கு கெர்ரி வென்றதால் 2023இல் டேவிட் கிளிஃபர்ட். 2024இல் டாக்டர் குரோக்ஸ் வென்றதால் 2025இல் அகில அயர்லாந்துக் கோப்பையான சாம் மகுவயர் கோப்பையைத் தூக்கியது அந்தக் கிளப்பின் கேவின் ஒயிட். சின்ன ஊர்க் கிளப்பில் இருக்கும் ஒருவருக்குக் கெர்ரி கேப்டன் ஆகும் வழி வட்டார அணி வழியாகத்தான் திறக்கிறது. இந்த வழக்கத்தைப் பற்றிக் கெர்ரியில் விவாதம் ஓய்வதே இல்லை. பயிற்சியாளர் தேர்ந்தெடுப்பதே நியாயம் என்று ஒரு தரப்பு சொல்கிறது. எனக்கு இந்த வழக்கம் பிடித்திருக்கிறது. கவுண்டி அணியின் பெருமை எந்த ஊர்களிலிருந்து வருகிறதோ, அந்த ஊர்களுக்கு அது ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கிறது.

இன்டர்மீடியட் போட்டி நடக்கும் முறைக்கு வருவோம். 2022இலிருந்து அயர்லாந்து முழுக்க ஆண்டு இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஜூலை இறுதிக்குள் கவுண்டி ஆட்டங்கள் முடிந்துவிடும், அதன் பிறகு கிளப்புகளின் காலம். முன்பெல்லாம் கவுண்டி அணி தோற்கும் வரை கிளப் போட்டி எப்போது நடக்கும் என்றே தெரியாது. கவுண்டிக்கு ஆடாத பெரும்பான்மை வீரர்கள் கோடை முழுக்கக் காத்திருப்பார்கள், கல்யாணம், வெளியூர்ப் பயணம் எதையும் திட்டமிட முடியாது. இந்தப் பிரிப்பு கவுண்டி ஆட்டங்களின் கவனத்தைக் குறைத்துவிட்டது என்ற குறை உண்மையானதே. ஆனாலும் ஒரு கிளப் வீரரின் பார்வையில் பல ஆண்டுகளில் நடந்த ஆகப் பெரிய நன்மை இது என்றுதான் சொல்வேன்.

16 கிளப்புகளை நான்கு நான்காகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் எல்லோரும் எல்லோருடனும் ஒருமுறை ஆடுவார்கள். முதல் இரண்டு இடங்கள் காலிறுதிக்கு. அதன் பிறகு தோற்றால் வெளியே. கடைசியில் நிற்பவர்கள் கீழிறக்கம் யாருக்கு என்பதற்காகத் தங்களுக்குள் மோத வேண்டும். என்னைக் கேட்டால், கோப்பைப் பக்கத்தைவிட இந்தக் கீழிறக்கப் பக்கத்தில்தான் மனித நாடகம் அதிகம். இறுதி ஆட்டத்தில் தோற்றவர்களுக்கு அடுத்த ஆண்டு இருக்கிறது. கீழிறக்க ஆட்டத்தில் தோற்ற ஊர், திரும்பி ஏற எத்தனை ஆண்டாகும் என்று தெரியாமல் வீட்டுக்குப் போகிறது. அந்த ஆட்டங்களைப் பார்க்க வரும் கூட்டத்தில் யாரும் சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர் இல்லை.

கவுண்டியை வென்றால் கதை முடியாது. இன்டர்மீடியட் சாம்பியன் அடுத்து மன்ஸ்டர் மாகாணத்தில் கார்க், கிளேர், லிமெரிக், டிப்பரரி, வாட்டர்ஃபோர்ட் கவுண்டிகளின் சாம்பியன்களுடன் மோதும். அங்கும் வென்றால் அகில அயர்லாந்து அரையிறுதி, பிறகு ஜனவரியில் குரோக் பார்க்கில் இறுதி. ஓர் ஊரின் பையன்கள், வாழ்நாளில் ஒரே ஒரு முறை, கவுண்டி நட்சத்திரங்கள் ஆடும் அதே புல்லில் ஆடும் வாய்ப்பு. இந்த ஒரு காரணத்துக்காகவே இன்டர்மீடியட்டும் ஜூனியரும் இன்று இவ்வளவு தீவிரமாக ஆடப்படுகின்றன என்று நினைக்கிறேன். கவுண்டிக்குள்ளேயே முடியும் போட்டியாக இருந்தால் அது ஏணியின் ஒரு படியாக மட்டுமே இருந்திருக்கும்.

அந்த மேடையில் கெர்ரி இன்டர்மீடியட் சாம்பியன்கள் செய்தது கொஞ்சநஞ்சமல்ல. ஆர்ட்ஃபர்ட் 2007இலும் 2015இலும், செயின்ட் மைக்கேல்ஸ் ஃபாய்ல்மோர் 2009இல், மில்டவுன் காசல்மெய்ன் 2012இல், காஹர்சிவீனின் செயின்ட் மேரிஸ் 2016இல், கில்கமின் 2019இல், ரத்மோர் 2023இல் அகில அயர்லாந்து இன்டர்மீடியட் பட்டம் வென்றன. பட்டியலைப் படித்தால் வெறும் பெயர்கள். வரைபடத்தை விரித்து வைத்துப் படித்தால், கெர்ரியின் வடக்கிலிருந்து தெற்கு முனை வரை சிதறிக் கிடக்கும் ஊர்கள்.

இவற்றில் 2016ஐக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். காஹர்சிவீன், ஐவராக் தீபகற்பத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கும் சிறு நகரம். ஏழு அகில அயர்லாந்துப் பதக்கங்கள் வென்ற ஜாக் ஓஷே, 1997 இறுதி ஆட்டத்தில் கெர்ரியை வெற்றிக்குக் கொண்டுபோன மாரிஸ் ஃபிட்ஸ்ஜெரால்ட் இருவரும் அந்தக் கிளப்பின் பிள்ளைகள். இப்படிப்பட்ட ஜாம்பவான்கள் ஆடிய கிளப், கவுண்டியில் இரண்டாம் அடுக்கில். பிரையன் ஷீஹன் தலைமுறைதான் அந்த ஆண்டு மேயோவின் ஹாலிமவுண்ட் காரமோர் கிளப்பை வென்று கோப்பையைக் கொண்டு வந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் ஜூனியர் அகில அயர்லாந்துப் பட்டத்தை வென்றது, கென்மேர் விரிகுடாவின் கரையில் இருக்கும் டெம்பிள்நோ. அது பாட் ஸ்பிலேன், மிக், டாம் சகோதரர்களின் ஊர். மூவரும் சேர்ந்து கெர்ரிக்காக 19 பதக்கங்கள் வென்றவர்கள். அவ்வளவு பெரிய பெயர்களைக் கொடுத்த கிளப் பல ஆண்டுகள் அடித்தட்டில்தான் கிடந்தது. அடுத்த தலைமுறை ஸ்பிலேன்கள் ஆடிய அணி ஜூனியரை வென்று, 2019இல் கெர்ரி இன்டர்மீடியட்டையும் வென்று சீனியருக்கு ஏறியது.

ஒரு கிளப்பின் அடுக்கும் அங்கே பிறக்கும் வீரரின் தரமும் வேறு வேறு விஷயங்கள் என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. ஒரு சிற்றூரில் ஒரு தலைமுறைக்கு ஒரு மேதை பிறக்கலாம். ஆனால் அணிக்கு 15 பேர் வேண்டும், மாற்று ஆட்களும் வேண்டும். மேதைக்குப் பக்கத்தில் நிற்கும் மற்ற 14 பேர், அந்த ஊரில் அந்தக் காலத்தில் வயதுக்கு வந்திருக்கும் எல்லோரும்தான். கிளப்பின் அடுக்கு அந்த ஊரின் மக்கள்தொகையைச் சொல்கிறது. எத்தனை பேர் வேலைக்காக டப்ளினுக்கோ பாஸ்டனுக்கோ சிட்னிக்கோ போனார்கள் என்பதைச் சொல்கிறது. தெற்கு, மேற்கு கெர்ரியின் கடலோர ஊர்களில் சிறுவர் அணிகளுக்கே ஆள் போதாமல் பக்கத்துக் கிளப்புகள் சேர்ந்து அணி அமைக்கிறார்கள். 22 வயதில் மூன்று பேர் ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறினால் ஓர் இன்டர்மீடியட் கிளப் ஜூனியராகிவிடும். மறுபக்கம், நகர விரிவாக்கத்தில் புது வீடுகள் எழும் இடங்களில் கிளப்புகள் வளர்கின்றன. டிராலி நகரத்தின் நா கேயல் கிளப் 2021இல் இன்டர்மீடியட்டை வென்று சீனியருக்குப் போனது அப்படிப்பட்ட வளர்ச்சியின் பலன்.

இப்போது 2023 ஜனவரிக்கு வருவோம். ஒரே நாளில் குரோக் பார்க்கில் இரண்டு இறுதி ஆட்டங்கள், இரண்டிலும் கெர்ரி கிளப்புக்கு எதிராக டைரோன் கிளப். ஜூனியரில் ஃபோஸா, ஸ்டூவர்ட்ஸ்டவுன் ஹார்ப்ஸை வென்றது. இன்டர்மீடியட்டில் ரத்மோர், கால்பலி பியர்ஸஸை வென்றது. ஃபோஸா பக்கம் டேவிட் கிளிஃபர்டும் அண்ணன் பாடியும். டேவிட் அப்போது நாட்டின் ஆண்டின் சிறந்த வீரர் விருதைப் பெற்றிருந்தார். முந்தைய ஜூலையில் இதே மைதானத்தில் கெர்ரிக்காக சாம் மகுவயர் கோப்பையை வென்றவர், ஆறு மாதம் கழித்துத் தன் ஊருக்காக மூன்றாம் அடுக்குக் கோப்பையை வென்றார். இரண்டில் எது பெரிது என்று ஃபோஸாவில் போய்க் கேட்டால் உடனே பதில் கிடைக்காது.

ரத்மோரில் இன்னொரு வேடிக்கை. கார்க் எல்லையை ஒட்டிய இந்த ஊரின் ஷேன் ரயன் கெர்ரி கவுண்டி அணியின் கோல்கீப்பர். கிளப்புக்கு வந்தால் முன்வரிசைத் தாக்குதல் வீரர். சின்ன ஊர்க் கிளப்பில் எங்கே ஆள் தேவையோ அங்கே ஆட வேண்டும் என்பதோடு, நல்ல கோல்கீப்பருக்குப் பந்தும் காலும் எவ்வளவு வசப்பட்டிருக்கும் என்பதையும் இது காட்டுகிறது. கவுண்டி ஆட்டத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்த வீரர்களின் பாதிதான் தெரியும்.

மேலிருந்து கீழே வந்தவர்களின் கதையும் உண்டு. ஆஸ்டின் ஸ்டாக்ஸ், டிராலியின் பழம்பெரும் கிளப். 2021இல் கெர்ரி சீனியர் சாம்பியன். அதன் பிறகு எட்டிலிருந்து கீழே தள்ளப்பட்டு இன்டர்மீடியட்டுக்கு வந்தது. 2024இல் இன்டர்மீடியட்டை வென்றது, மன்ஸ்டரையும் வென்றது. 2025இல் மறுபடியும் கெர்ரி சீனியர் இறுதி ஆட்டத்தில் நின்று டிங்கிளிடம் தோற்றது. நான்கு ஆண்டுகளுக்குள் உச்சி, சரிவு, மறுபடி உச்சியின் வாசல். எட்டு கிளப்புகள் மட்டுமே என்ற கட்டுப்பாடு எவ்வளவு கருணையற்றது என்பதற்கு இது ஒன்றே போதும். மேற்கு முனையில் ஐரிஷ் மொழி பேசும் பகுதியின் கிளப்பான அன் கேல்டாக்டும் அப்படித்தான். ஓ ஷே சகோதரர்கள் டாரா, டோமாஸ், மார்க் ஆடிய காலத்தில் 2004 அகில அயர்லாந்து சீனியர் கிளப் இறுதி ஆட்டம் வரை போன கிளப், பின்னர் இன்டர்மீடியட்டுக்கு இறங்கி 2017இல் அதை வென்றது.

இது கெர்ரிக்கு மட்டும் உரியதுமல்ல. 2025 ஜனவரியின் அகில அயர்லாந்து இன்டர்மீடியட் இறுதியில் மோதியவர்கள் மேயோவின் கிராஸ்மோலினாவும் டெர்ரியின் பாலின்டெர்ரியும். கிராஸ்மோலினா 2001இன் அகில அயர்லாந்து சீனியர் கிளப் சாம்பியன், பாலின்டெர்ரி 2002இன் சாம்பியன். அடுத்தடுத்த ஆண்டுகளில் நாட்டின் உச்சியில் நின்ற இரு கிளப்புகள், ஒரு தலைமுறை கழித்து இரண்டாம் அடுக்கின் இறுதியில் சந்தித்தன. கிராஸ்மோலினா வென்றது. இதைத் தாழ்வு என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2001 அணியின் பிள்ளைகளும் மருமக்களும் வளர்ந்து வரும் வரை அந்த ஊர் கிளப்பை மூடாமல் காத்தது, அதுதான் சாதனை.

இனி நியாயமான ஒரு புகாரைப் பேச வேண்டும். கெர்ரி சீனியரில் எட்டு கிளப்புகளை மட்டும் வைப்பதால், கெர்ரி இன்டர்மீடியட் சாம்பியன் மற்ற சிறு கவுண்டிகளின் இன்டர்மீடியட் சாம்பியன்களைவிட இயல்பிலேயே பலமாக இருக்கிறது, இது சமமான போட்டியா என்று மற்ற கவுண்டிகள் கேட்கின்றன. வாட்டர்ஃபோர்டு போன்ற, கேலிக் விளையாட்டுகளில் இன்னொன்றான ஹர்லிங்கில் மனது வைத்திருக்கும் கவுண்டியின் இரண்டாம் அடுக்கு கிளப்பும் கெர்ரியின் ஒன்பதாம் கிளப்பும் ஒரே கோப்பைக்கு மோதுவது சரியா? கேள்வி சரியானதுதான். ஆனால் கெர்ரி மட்டும் இதில் இல்லை. கார்க் 2020இல் தன் அடுக்குகளை மாற்றி அமைத்தது. பிரீமியர் சீனியர், சீனியர் ஏ, பிரீமியர் இன்டர்மீடியட் என்று போகும் அந்த வரிசையில், மன்ஸ்டர் இன்டர்மீடியட்டுக்குப் போவது மூன்றாம் அடுக்கான பிரீமியர் இன்டர்மீடியட்டின் சாம்பியன். அந்த மூன்றாம் அடுக்கிலிருந்து வந்த கில் நா மார்ட்ரா 2023இல் மன்ஸ்டரை வென்று அகில அயர்லாந்து இறுதி வரை போனது. ஒவ்வொரு கவுண்டியும் தன் அடுக்குகளைத் தானே வரைகிறது, மாகாணப் போட்டியோ எல்லாவற்றையும் ஒரே பெயரில் சேர்த்துவிடுகிறது. அளவுகோல் ஒன்றாக இல்லாத இடத்தில் யாருக்காவது சாதகம் வந்தே தீரும்.

என் கருத்தைக் கேட்டால், கெர்ரி தன் எட்டைப் பத்து அல்லது 12 ஆக்கினால் மற்ற கவுண்டிகளின் மனம் குளிரலாம், ஆனால் கெர்ரிக்குள் நஷ்டம். எட்டாக இருப்பதால்தான் இன்டர்மீடியட்டில் ஒவ்வொரு ஆட்டமும் கடினமாக இருக்கிறது, அதில் மோதி வளர்ந்த வீரர்கள் கவுண்டிக்குத் தயாராக வருகிறார்கள். 2007 முதல் வென்ற அகில அயர்லாந்துப் பட்டங்களைச் சாதகம் என்று மட்டும் பார்க்கக் கூடாது. அதே காலத்தில் ஸ்பா 2010இலும் ஃபினூஜ் 2013இலும் இறுதியில் டைரோனின் குக்ஸ்டவுனிடம் தோற்றன, டெம்பிள்நோ அரையிறுதியில் கால்வேயின் ஊட்டரார்டிடம் தோற்றது. கெர்ரி சாம்பியன் என்றால் கோப்பை நிச்சயம் என்று எந்த ஆண்டும் இருந்ததில்லை.

2025இல் வந்த புது விதிகள் இந்த அடுக்கின் முகத்தையும் மாற்றின. ஜிம் கேவின் தலைமையிலான குழு பரிந்துரைத்தவை அவை. இரண்டு புள்ளி வளைவைப் பற்றி மேலே சொன்னேன். அதைவிட முக்கியம், ஒவ்வொரு அணியும் எப்போதும் மூன்று பேரை எதிராளியின் பாதியில் நிறுத்தியாக வேண்டும் என்ற விதி. அதற்கு முன் பலவீனமான கிளப் 15 பேரையும் பின்னால் இழுத்துச் சுவர் எழுப்பும், ஆட்டம் நகராது, பார்ப்பவருக்கும் சலிப்பு. இப்போது முன்னால் இடம் திறந்துகிடக்கிறது. ஒரே ஒரு அபூர்வ முன்வரிசை வீரர் இருக்கும் சின்ன ஊர்க் கிளப்புக்கு இது பெரிய உதவி. நீளமாக உதைத்து அவரிடம் பந்தைச் சேர்த்துவிட்டால், அவரை மூன்று பேர் சூழ்ந்து நிற்பது முன்பு போல எளிதல்ல.

நேரில் பார்க்க நினைத்தால் ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை கெர்ரிக்குப் போகலாம். பிரிவு ஆட்டங்கள் கிளப்புகளின் சொந்த மைதானங்களில் நடக்கும். பெரிய ஆட்டங்களுக்கு டிராலியின் ஆஸ்டின் ஸ்டாக் பார்க், கில்லார்னியின் ஃபிட்ஸ்ஜெரால்ட் ஸ்டேடியம். தொலைவிலிருந்து பின்தொடர ரேடியோ கெர்ரியின் நேர்முக வர்ணனையும் தி கெர்ரிமேன் பத்திரிகையும் போதும். பிரிவு ஆட்டத்துக்குப் போவதைத்தான் நான் பரிந்துரைப்பேன். எல்லைக்கோட்டை ஒட்டி நின்று பார்க்கும்போது, தொலைக்காட்சியில் தெரியாத ஒன்று தெரியும்: தோளோடு தோள் மோதும் சத்தம்.

கடைசியாக, கிளிஃபர்ட் பெரிய கிளப்புக்கு மாறாதது பற்றி. ஃபோஸாவிலிருந்து கில்லார்னி சில கிலோமீட்டர்தான். அங்கே டாக்டர் குரோக்ஸ், கெர்ரியின் பலமான சீனியர் கிளப்புகளில் ஒன்று. அவர் மாறியிருந்தால் கிளப் பதக்கங்கள் குவிந்திருக்கும். ஆனால் அவர் ஆட வேண்டிய மேடைகள் எதையும் இப்போது இழக்கவில்லை. கவுண்டிக்குக் கெர்ரி, சீனியர் சாம்பியன்ஷிப்புக்குக் கிழக்கு கெர்ரி, ஊருக்கு ஃபோஸா. இன்னும் கொஞ்சம் உண்டு. கிழக்கு கெர்ரி கிளப்புகள் தங்களுக்குள் மோதும் ஓடோனஹ்யூ கோப்பை குளிர்காலத்தில் நடக்கும். பக்கத்து ஊரை வெல்வதில் இருக்கும் சுகத்துக்காகவே ஆடும் போட்டி அது, அதையும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை யாரும்.

இந்த ஏற்பாட்டுக்குள் ஒரு முடிச்சும் இருக்கிறது. ஃபோஸா போன்ற ஒரு கிளப் இன்டர்மீடியட்டை வென்று சீனியர் எட்டுக்குள் நுழைந்தால், அந்த ஊர்க்காரர்கள் இனிக் கிழக்கு கெர்ரிக்கு ஆட முடியாது. கவுண்டி சீனியர் சாம்பியன்ஷிப்பில் ஃபோஸா தனி அணியாகவே களமிறங்க வேண்டும். வட்டாரத்தின் சிறந்தவர்களோடு சேர்ந்து கோப்பை வென்றவர்கள், ஒரே ஊரின் 15 பேரோடு அதே கோப்பைக்கு நிற்பார்கள். எதிரே கிழக்கு கெர்ரியும் வரலாம், நேற்று வரை தோள் கொடுத்த ஆட்களோடு. கவுண்டிப் பட்டம் வெல்லும் வாய்ப்பு அன்று குறையும் என்று தெரிந்தே ஒவ்வொரு ஆகஸ்டிலும் அந்த ஏற்றத்துக்காக மோதுகிறார்கள்.